உயிரணுவின் வாயில்கள்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. உணவும் நீரும் உயிர்வளியும் அதனைக் கடந்தே உள்ளே புகவேண்டும். கழிவுகளும் அதனைக் கடந்தே வெளியேற வேண்டும். இதனை மாணாக்கருக்கு எவ்வாறு விளங்கவைப்பது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கவிருக்கும் பொருள். நாம் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர். அறிவியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஆயினும் வாக்கியங்களைச் சொல் சொல்லாக நிறுத்துப் பார்ப்பது நம் வேலையாதலின், சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

விரவல் என்பதற்கு, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள் பரவுதல் என்று இலக்கணம் கூறுவர். அடுத்துச் சவ்வூடு பரவலுக்கு, செறிவு குறைந்த கரைசலிலிருந்து மிகுந்த கரைசலுக்கு நீர் செல்லுதல் என்பர். ஒன்று மற்றொன்றுக்கு நேர்மாறாக இருக்கிறதே என்று மாணாக்கன் திகைப்பான். பிறகு இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்வான். எதன் செறிவு என்று சொல்லாது விட்டதே இக்குழப்பத்திற்குக் காரணம். முன்னதில் குறித்தது பரவும் பொருளின் செறிவு. பின்னதில் குறித்தது நீரில் கரைந்துள்ள உப்பு அல்லது சர்க்கரையின் செறிவு. உப்பு குறைந்த பக்கத்தில் நீர் மிகுதி. அங்கிருந்து நீர் குறைந்த பக்கத்திற்கு அது செல்கிறது. இவ்வாறு கூறினால் முரண்பாடு மறைந்துவிடும்.

இன்னொரு சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். மூலக்கூறுகள் செறிவு குறைந்த இடத்தை நாடிச் செல்கின்றன என்பது வழக்கு. அவற்றுக்கு நாட்டமும் இல்லை, நோக்கமும் இல்லை. கண்களைக் கட்டிக்கொண்ட சிறுவர் ஐம்பதின்மர் ஓர் அறையில் மனம்போனபடி நடப்பதாகக் கொள்வோம். அடுத்த அறை வெறுமையாக, இடையே கதவு திறந்திருக்குமாயின், சிறிது நேரத்தில் இரண்டு அறைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவினர் இருப்பர். அதன் பின்னரும் நடமாட்டம் நிற்பதில்லை. போவோரும் வருவோரும் சமமாகிவிடுகின்றனர், அவ்வளவே. சமநிலை என்பது ஓய்வு அன்று என்பதை மாணாக்கர் இங்கே உணர்வர்.

சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. உருளைக்கிழங்கின் ஒரே அளவான துண்டுகள் சிலவற்றை வெறும் நீரிலும், வேறு சிலவற்றை உப்பு மிகுந்த நீரிலும் இட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் போதும். முன்னவை விறைத்திருக்கும், பின்னவை துவண்டிருக்கும். நீர் எப்பக்கம் சென்றது, ஏன் சென்றது என்று மாணாக்கரையே சொல்லச் செய்க. விடையை ஆசிரியர் முந்திக்கொண்டு கூறலாகாது.

எல்லாப் பொருளும் எளிதில் சவ்வைக் கடப்பதில்லை. சவ்வு கொழுப்புப் பொருளால் ஆன இரட்டை அடுக்கு. உயிர்வளி நேரே ஊடுருவும். நீர் விரைந்து செல்லத் தனிக் கால்வாய்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-இல் நோபல் பரிசு பெற்றார். சர்க்கரைக்கும் உப்புக்கும் புரத வாயில்கள் வேண்டும். சில வாயில்கள் ஆற்றலைச் செலவிட்டு, செறிவின் போக்கை எதிர்த்தும் பொருள்களைக் கடத்தும். 3 சோடிய அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசிய அயனிகளை உள்ளே கொணரும் விசை அத்தகையது.

இவையெல்லாம் தேர்வுக்கு மட்டும் உரிய செய்திகளோ? அன்று. குடலின் உயிரணுக்களில் சோடியமும் குளுக்கோசும் ஒருங்கே நுழையும் வாயில் ஒன்று உண்டு என்று 1960-இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் விளக்கினார். அவை புகுமிடத்து நீரும் பின்தொடரும். வாந்திபேதி நோயில் குடல் நீரைப் பெருக்கி வெளியேற்றும்போதும் இவ்வாயில் பழுதுறுவதில்லை. 1971-இல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் ஊரில் அகதிகளிடையே அந்நோய் பரவிற்று. நரம்புவழி ஏற்றும் உப்புநீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மஹலாநபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

மருந்துக்கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தின் அடிப்படை இதுவே. அது கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். சர்க்கரை இங்கே சுவைக்காக அன்று, வாயிலைத் திறப்பதற்காக. குழந்தைக்குத் தெம்பு வரட்டும் என்று அதனை அள்ளிப் போட்டால், சவ்வூடு பரவலின்படி குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு நோய் மிகும். அளவை மட்டும் கேட்டவர் மறந்துவிடக்கூடும். காரணம் அறிந்தவர் எளிதில் மறவார்.

இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமி நாளை ஒரு வீட்டில் நோயுற்ற குழந்தையின் அருகே அமர்வாள். அவள் கையில் கரண்டி இருக்கும். ஆசிரியர் அருகில் இரார். உருளைக்கிழங்குத் துண்டு ஏன் துவண்டது என்பதைத் தன் சொல்லில் சொல்லப் பழகியவள், அந்தக் கரண்டியை அளவறிந்து பிடிப்பாள்.