பந்தியில் உட்காருங்கள்



சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டமளிப்பு மேடைக்கு இது ஒட்டாத பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். பதுளையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பூனாகலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

2014ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 22ஆம் திகதி வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, 29ஆம் திகதி காலையில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கும் மீரியபெத்தைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில். மகல்தெனியவில் அவர்களுக்குப் புதிய வீடுகள் கைக்கு வந்தது 2016இல்தான். அதற்குள் இரண்டு நத்தார் வந்து போய்விட்டது.

உதவி வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றிலிருந்தும் வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் காரிட்டாஸ் அமைப்பும் வந்தது. வெசாக்கில் தன்சல் போடும் நாடு இது. சோறு போடுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் நத்தார் காலத்தில் தோட்டங்களுக்கு வரும் வேன்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு குறை உண்டு. வேன் நிற்கும். பதாகை விரியும். சோற்றுப் பார்சல் கைமாறும். படம் எடுப்பார்கள். அரை மணித்தியாலத்தில் வேன் பெரகலைச் சந்தியைத் தாண்டிவிடும். கொடுத்தவர் மனசு சுத்தம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாங்கியவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

ரோமாபுரியில் சந்த் எஜிதியோ என்றொரு கிறிஸ்தவக் குழு இருக்கிறது. 1982 நத்தாரன்று அவர்கள் திராஸ்தெவெரே பகுதியிலுள்ள மாதா பேராலயத்துக்கு உள்ளேயே மேசை போட்டு, அக்கம்பக்கத்து ஏழைகளோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். முதல் வருடம் இருபது பேர் அளவில்தான். இன்று பல நாடுகளில் அந்த விருந்து நடக்கிறது. சமைத்தவரும் பரிமாறியவரும் விருந்தாளியும் ஒரே மேசையில் இருப்பதுதான் அங்கே வழக்கம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தப் பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய மறைமாவட்டத்தை விட்டுவிட்டு இங்கே முதல் ஆயராக வந்தார். குருக்களாகப் படிக்க வந்தவர்களைக் கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு தங்கிப் படிக்க வைத்தார். பாடப்புத்தகத்தில் கிடைக்காதது லயத்துத் திண்ணையில் கிடைக்கும் என்று நம்பிய மனிதர் அவர்.

திண்ணையில் உட்கார்ந்தால் என்ன கேட்கும்? பண்டிகைக்குத் தோட்டம் கொடுத்த முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படுவது கேட்கும். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்த கதை கேட்கும். பசி பண்டிகையன்று வருவதில்லை, சம்பளத்துக்கு முந்திய வாரம்தான் வருகிறது என்பது அப்போதுதான் விளங்கும். விளங்கியவர்கள் அடுத்த முறை ஜனவரியில் வருவார்கள்.

இன்னொன்றும் விளங்கும். நத்தார் மார்கழியில் வருகிறது. லயத்தில் பெரும்பாலானோர் இந்துக்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் இருப்பார், திருவெம்பாவைக்கு நோன்பு இருப்பவர் இருப்பார். அவர்களுக்கு இறைச்சி மணக்கும் பார்சலை நீட்டுவது விருந்தாகாது. சைவப் பானையைத் தனி அடுப்பில் ஏற்ற வேண்டும். பார்சலுக்குள் துண்டுப் பிரசுரம் வைப்பதும் வேண்டாம். பசித்தவன் கையில் பிரசங்கத்தைத் திணித்தால் சோறும் கெடும், பிரசங்கமும் கெடும். கிறிஸ்தவ இளைஞர்களிடம் இதை நான் ஒளிக்காமல் சொல்வதுண்டு. சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

பட்டம் பெறும் உங்களிடம் இதையெல்லாம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மீரியபெத்தைச் சரிவு சொல்லாமல் வந்ததல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானதென்று எச்சரித்திருந்தது. மாற்றுக் காணியும் வீடும் கைக்கு வராமல் மக்கள் அங்கேயே இருந்தார்கள். அந்த ஒன்பது வருடத்திலும் தீபாவளி வந்தது, நத்தார் வந்தது, தோட்டங்களுக்கு விருந்தாளிகளும் வந்து போனார்கள். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதையோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவதையோ பார்சலை வாங்கிக்கொண்டு நிற்கும் அம்மா வேன்காரரிடம் சொல்லமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிடும் பிள்ளையிடம் சொல்வார்.

சொன்னால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். நீங்கள் அந்த ஆட்கள். மண்ணைப் படித்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள், கணக்கைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், சிங்களத்திலும் தமிழிலும் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த நத்தாருக்குத் தோட்டத்துக்குப் போகும் குழுவில் இந்த மூன்று பேரும் இருக்கட்டும். சாப்பிட்டு முடிந்ததும் பாத்திரம் கழுவிக் கொடுங்கள். பிறகு வீட்டுக்காரரோடு லயத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். பார்த்ததை அந்த வாரமே பிரதேச செயலாளருக்கு எழுதி, பிரதியைத் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். பதில் வராவிட்டால் தைப்பொங்கலுக்கு மறுபடியும் போங்கள். அங்கே பொங்கல் உங்களுக்கு அவர்கள் தருவார்கள்.