பொன் பூசிய கை

நம் வட்டத்தின் கவியரங்கு ஒன்றில் ‘பொற்கலம்’ என்னும் தலைப்பில் நானும் பாடினேன். சீனத்துப் பழங்கலங்களின் படங்களைப் பார்த்து, அவற்றின் ஒளியையே பாடினேன். அப்போது அறியாத ஒன்றை இன்று சொல்ல விழைகிறேன்.

1968-ஆம் ஆண்டு, ஹேபெய் மாநிலத்து மான்செங்கில், குன்றைக் குடைந்து அமைத்த இரண்டு கல்லறைகள் வெளிப்பட்டன. ஒன்று கி.மு. 113-இல் மறைந்த சிற்றரசன் லியு ஷெங்குடையது. மற்றது அவன் தேவி தோவ் வானுடையது. இருவருக்கும் அணிவித்திருந்த ஜேடு கல் உடைகளை உலகம் வியந்தது. என் மனம் நின்றது வேறிடத்தில்.

அரசன் கல்லறையில் ஒரு மதுக்குடம். வெண்கலத்தின்மேல் பொன்னும் வெள்ளியும் பூசிய டிராகன்கள் நெளிகின்றன. எந்த அரண்மனையின் உணவுச்சாலைக்கு உரியது, எவ்வளவு கொள்ளும், என்ன எடை என்றெல்லாம் அதில் பொறித்திருக்கிறார்கள்.

அந்தப் பொன் எப்படி ஏறியது? பொன்னைப் பாதரசத்தோடு சேர்த்துக் களிம்பாக்குவர். துலக்கிய வெண்கலத்தில் அதைத் தேய்த்துத் தணலில் காட்டுவர். பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் மட்டும் பற்றி நிற்கும். பிறகு தேய்த்து மெருகிடுவர். போன ஆவி எங்கே போயிற்று? பூசியவன் நெஞ்சுக்குள். நிறமில்லை, மணமில்லை. நாளடைவில் ஈறு புண்ணாகும், சிந்தை கலங்கும், கை நடுங்கும். கையை நம்பிப் பிழைப்பவனுக்கு!

தேவியின் கல்லறையில் கிடைத்ததோ ஒரு விளக்கு. அதுவும் பொன் பூசியதே. 48 செ.மீ. உயரம். மண்டியிட்ட பணிப்பெண் ஒரு கையால் விளக்கைத் தாங்குகிறாள். உயர்த்திய மறுகையின் அங்கிக்கை சுடருக்குமேல் கவிந்திருக்கிறது. அந்த அங்கிக்கையே புகைபோக்கி. புகை அதன்வழி ஏறி, உள்ளீடற்ற அவள் உடலுக்குள் அடங்கும். அரண்மனையார் மூச்சில் புகை படலாகாது என்று இத்தனை நுட்பம்! 65 எழுத்துகள் பொறித்த அவ்விளக்கில் உடைமையாளர் குடும்பப் பெயர் உண்டு, எடை உண்டு. பூசியவன் பெயர் இல்லை.

எங்கும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்றைய சிச்சுவான் பகுதியின் அரசுத் தொழிற்கூடங்களில் செய்த அரக்குக் கிண்ணங்கள் கொரியாவில் பியோங்யாங் அருகே கிடைத்துள்ளன, கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தவை. அவற்றின் கைப்பிடி பொன் பூசிய வெண்கலம். மரத்தை வடித்தவன், அரக்கிட்டவன், ஓவியம் தீட்டியவன் என வரிசையாகப் பெயர்கள். நடுவே, கைப்பிடிக்குப் பொன் பூசியவன் பெயர். மேற்பார்த்த அதிகாரிகளின் பெயர்களும் தொடர்கின்றன. பழுது நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்காகவே பொறித்திருக்க வேண்டும், பாராட்ட அன்று. ஆனாலும் பெயர் இருக்கிறது.

இப்பத்தாம் ஆண்டு மலருக்கு என் ‘பொற்கலம்’ பாட்டைக் கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை. அதற்கு மாற்றாகவே இவ்வுரை.