வணிகரும் மேகக் கணிமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மேகக் கணிமை என்னும் விஷயத்தைக் குறித்துச் சில மொழிகள் கூறுமாறு நமது சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இது கணினி கற்ற வாலிபர்க்கே உரியதென நம்மிற் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையாம். நமது சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் எவ்விடத்தில், எவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் சாரமாதலின், கடை வைத்திருப்போர் யாவரும், அவர்தம் இல்லத்தாரும் அறிய வேண்டுவதேயாம்.

நம் முன்னோர் பேரேட்டைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டித் திறவுகோலை மடியில் முடிந்து கொண்டனர். பின்னர்க் கணக்கெல்லாம் கடைக் கணினியுட் புகுந்தது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்திற் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்த காலை, தாழ்ந்த தெருக்களிலுள்ள கடைகளுட் தண்ணீர் புகுந்து நின்றது. சரக்கு நனைந்தால் மறுபடி கொள்முதல் செய்யலாம்; கணினியோடு கணக்கும் அழிந்துவிடின், வரவேண்டிய பாக்கியை எதனைக் காட்டிக் கேட்பது?

இவ்விடருக்குப் பரிகாரமாக அமைந்தவற்றுள் ஒன்று மேகக் கணிமை. மேகம் என்றதும் ஆகாயத்தை நோக்க வேண்டுவதில்லை. பெருங்கட்டிடங்களில் வரிசையாக நிறுத்திய கணினிகளை இணையத்தின் வாயிலாக வாடகைக்குக் கொள்வதே அது. அமேஸான் கம்பெனியார் 2006-இல் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கினர். மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2015-இல் சென்னையிலும், அமேஸான் கம்பெனியார் 2016-இல் மும்பையிலும் இதற்கான நிலையங்களைத் திறந்தனர்.

இச்சேவை மூவகைப்படும். வெறும் கணினியையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்குக் கொள்வது ஒன்று. இது வெற்றுக் கிடங்கைக் குத்தகைக்கு எடுப்பதை ஒக்கும். மென்பொருள் செய்வோர்க்கு வேண்டிய சாதனங்களையும் சேர்த்துக் கொள்வது மற்றொன்று. இது பட்டறையை உளி சுத்தியலோடு வாடகைக்குப் பெறுவதை ஒக்கும். முற்றும் அமைந்த மென்பொருளையே சந்தா செலுத்திப் பயன்படுத்துவது மூன்றாவது; ஜோஹோ கம்பெனியாரின் கணக்கெழுதும் மென்பொருள் இவ்வகையினதே. சிறு வர்த்தகர்க்கு மூன்றாவதே பெரும்பாலும் போதுமானது. மின்னஞ்சல், ரசீதும் கணக்கும் எழுதும் வசதி, அக்கணக்கின் பிரதியைப் பேணும் சேமிப்பிடம் ஆகிய இம்மூன்றும் இன்றியமையாதன. ஏனையவற்றைத் தொழில் வளர்ந்தபின் நாடலாம்.

ஆயினும், வாடகைக்குக் கொண்ட வீட்டில் நம் பொருளை வைத்த மாத்திரத்தில் நம் பொறுப்பு ஒழிந்ததென்று எண்ணற்க. பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். கம்பெனியாரின் நிலையம் 2021 மார்ச் 10-ஆம் தேதி தீப்பற்றி, ஒரு கட்டிடம் முழுதும் அழிந்தது. பிரதியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்த வாடிக்கைக்காரர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோரின் ஓய்வூதியச் சேமிப்பைப் பேணும் யூனிசூப்பர் என்னும் நிதியத்தாரைக் காண்க. 2024 மே மாதத்தில் கூகுள் மேகத்தில் அவர்தம் சந்தா தவறுதலாக நீக்கப்பட்டது. சுமார் ஒரு வாரம் அங்கத்தினர் தம் கணக்கைக் காண இயலாதிருந்தனர். எனினும், வேறொரு கம்பெனியாரிடமும் பிரதி வைத்திருந்தமை அவர்கள் மீள்வதற்குப் பெருந்துணையாயிற்று. ஒரே இடத்தில் இரண்டு பிரதி வைப்பது ஒரு பிரதி வைப்பதேயாம்.

சட்டமும் இதனையே வற்புறுத்துகின்றது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, வருஷாந்தரக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளைப் பேணுதல் கடமை. கம்பெனியாகப் பதிவு பெற்றோர் மின்கணக்கின் பிரதியை இந்தியாவிலுள்ள கணினியில் நாள்தோறும் சேமித்தல் வேண்டும்.

இனி, திறவுகோலைப் பற்றிச் சொல்வாம். நம் அங்கத்தினர் ஒருவர் திடீரெனக் காலகதி அடைந்தார். அவர் கணக்கெல்லாம் மேகத்திற் பத்திரமாகவே இருந்தது. ஆனால் அதன் கடவுச்சொல் அவர் நெஞ்சோடு மறைந்தது. அவர் மனைவியார், யாரிடம் எவ்வளவு பாக்கி என்றறிய வழியின்றிப் பல மாதம் அலைந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். கடன்பட்டவருள் தாமாகவே வந்து கொடுத்தவர் சிலரே. பூட்டு வலியது, திறப்பார் இலர். இதனினும் பரிதாபம் யாது?

ஆதலின் அன்பர்காள்! நான்கு காரியங்களை இம்மாதத்திலேயே முடிக்க வேண்டுகின்றோம். ஒன்று, சந்தாவைக் குமாஸ்தாவின் பெயரிலோ, அமைத்துக் கொடுத்த பிள்ளையின் பெயரிலோ வையாது, கடையின் பெயரிலேயே வையுங்கள். இரண்டு, கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் குறியெண்ணையும் கேட்கும் இரட்டைக் காப்பை அமையுங்கள். குமாஸ்தாக்களுக்குத் தனித்தனி நுழைவு கொடுத்து, ஒருவர் விலகும் நாளிலேயே அவருடையதை நீக்குங்கள். மூன்று, மாதம் ஒருமுறை கணக்கின் பிரதியை வேறிடத்தில் வைத்து, அது திறக்கின்றதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். நான்கு, நுழையும் வழியை எழுதி உறையிலிட்டு ஒட்டி, மனைவியாரிடமோ வயது வந்த மக்களிடமோ ஒப்படையுங்கள். பெண்களுக்குக் கணக்கு எதற்கு என்பார் இச்சபையில் எவரேனும் இருப்பின், அவ்வம்மையாரின் கதியை நினைத்துப் பார்ப்பாராக.

பெட்டகம் மாறிற்று, திறவுகோலின் தர்மம் மாறவில்லை.