சென்னையின் பெயர் தாங்கிய பள்ளி



அந்நிய தேசத்தில் குடியேறுவோருக்கு முதல் மாதங்களில் உண்டாகும் தனிமையைப் போக்கச் சிறந்த உபாயம், வாழவந்த ஊரின் சரித்திரத்தைக் கால்நடையாகவே கற்றுக்கொள்வதாகும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அதற்கு மிகவும் உகந்தது. 1318-ல் ராபர்ட் புரூஸ் மன்னரின் முன்னிலையில் பிரதிஷ்டை செய்யப்பெற்று, 1559-ல் மதச் சீர்திருத்தக் கிளர்ச்சியில் சூறையாடப்பட்டு, இன்று கூரையின்றிச் சிதைந்து நிற்கும் பேராலயத்தையும், 1413-ல் ஸ்தாபிதமான சர்வகலாசாலையையும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் ஓய்ந்து ஊரார் உலாவும் பழைய கோல்ஃப் மைதானத்தையும் கண்டுவரும் தமிழர், அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றறிந்து வியப்படைவார்.

அந்நகரில் 1753-ல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை மேற்பார்த்த காலத்தில், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைக் கைக்கொண்டு, மாணவரே மாணவருக்குப் போதிக்கும் முறையையும் வகுத்து, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயராலேயே அது மேல்நாட்டில் பரவச் செய்தார். அவர் அளித்த செல்வத்தால் எழுந்ததே அப்பள்ளி.

ஆகவே, அயல்நாட்டில் வாழப்புகும் அன்பர்கள், புதிய ஊரின் பழமையைச் சிரத்தையுடன் விசாரித்தறிவார்களாக. அறிந்த ஊரே சொந்த ஊராகிறது.