எழுகுழாயும் தலையெழுத்தும்

(பெரம்பலூர், அரியலூர் பொதுக்கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



கடலைக் காணாத ஊரில் கடலுக்குள் நிற்கும் குழாயைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கல்லாய்ப் போன சிப்பியும் நத்தையும் கிடைப்பதைக் கண்டிருக்கிறீர்கள். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்த இடமே கடலாயிருந்தது என்பதற்கு அவையே சாட்சி. அப்படிப்பட்ட கடலடிச் சேற்றில் புதைந்த சிற்றுயிர்கள்தாம் பல இடங்களில் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. அதை எடுக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளும் கடல் தாண்டிப் போகிறார்கள். ஆகவே இது நம் வீட்டுச் சங்கதியேயாகும்.

கடலடியிலிருந்து மேலே மேடைக்கோ கப்பலுக்கோ ஏறி வரும் குழாய்க்கு ரைசர் என்று பெயர். நாம் எழுகுழாய் என்று வைத்துக்கொள்வோம். பம்பாய் ஹை போன்ற ஆழங்குறைந்த இடங்களில் அதை மேடையின் இரும்புக் கால்களோடு பிணைத்துவிடலாம். ஆனால், காக்கிநாடாவுக்கு எதிரே வங்காளக்கடலில் 1000 மீட்டரைத் தாண்டிய ஆழத்திலும் துளையிட்டிருக்கிறார்கள். அங்கே எதில் கட்டுவது? 1500 மீட்டர் ஆழமென்றால், குழாயின் பருமனோ சுமார் அரை மீட்டர்தான். ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள நாணலை 30 மீட்டர் உயரத்துக்கு நட்டால் நிற்குமா? மடிந்து விழும். ஆகையால் கப்பலிலிருந்து அதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தே நிறுத்துகிறார்கள். கிணற்றுக் கயிறு இழுத்தால் விறைக்கும், விட்டால் துவளும். அதே நியாயந்தான். கப்பல் அலையில் ஏறி இறங்குவதற்கு ஈடாக, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீளும் துண்டை உச்சியில் வைத்திருக்கிறார்கள்.

இனி நீரோட்டத்தின் தொல்லை. காற்றடிக்கையில் தந்திக்கம்பி ஊளையிடுவதைப் பேயென்று பயந்தவர்கள் உண்டு. உருண்டையான கம்பியைக் காற்று கடக்கும்போது, அதன் பின்புறம் ஒருதரம் இப்பக்கமும் ஒருதரம் அப்பக்கமுமாகச் சுழல்கள் கழன்று போகின்றன. அந்தத் தாளமே ஓசை. 1878-ல் ஸ்ட்ரௌஹால் என்பவர் அதை அளந்து கணக்காக்கினார். அதே கணக்கின்படி, விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் நீர், அரை மீட்டர்க் குழாயை இரண்டரை விநாடிக்கு ஒருமுறை ஆட்டப் பார்க்கும். ஒரு நாளைக்கு 34,000 தடவைக்கு மேலாகிறது! குழாய்க்கு இயல்பாயுள்ள ஆட்டமும் இதுவும் இசைந்துவிட்டால் கேடு பெரிது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிறதல்லவா? அப்படியே பற்றவைத்த இடங்களில் விரிசல் காணும். இதற்கு மருந்தாகக் குழாயைச் சுற்றித் திருகுபோலத் தகடு பொருத்துகிறார்கள். சுழல்களின் தாளம் குலைந்துபோகிறது. இது மந்திரத் தகடல்ல, கணக்குப் போட்டுச் செய்த தகடு!

இவ்வளவு தெரிந்தும் மனிதர் சாவானேன்? 2005 ஜூலை 27-ந் தேதி, பம்பாய் ஹை வடக்கு மேடைக்கு, காயம்பட்ட சமையற்காரர் ஒருவரை ஏற்றிவிடச் சமுத்திர சுரக்ஷா என்ற கப்பல் அண்டியது. பருவமழைக் கொந்தளிப்பு. கப்பல் எழுகுழாயில் மோதிற்று. வாயு பீறிட்டுத் தீப்பற்றியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடையே அழிந்தது. 362 பேரைக் காப்பாற்றினார்கள். 22 பேர் மாண்டார்கள்.

இதைத் தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் கேள்வி அதோடு முடிந்துவிடும். நாம் கேட்கிறோம்: வாயு நிறைந்த குழாய் கப்பல் அண்டும் பக்கத்தில் ஏன் இருந்தது? பெரிய கப்பலின் இடியைத் தாங்கும் காப்பு ஏன் இல்லை? அப்படிப்பட்ட கடலில் அவ்வளவு நெருங்கலாம் என்று தீர்மானித்தது எப்படி? இவை ஒவ்வொன்றும் மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் மாற்றக்கூடியதும் ஆகும். விதி என்பவன், செத்தவனுக்கு ஆறுதல் சொல்லுவதாக நினைத்து, பொறுப்பாளிக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுக்கிறான். அடுத்த சாவுக்கும் வழி செய்கிறான்.

ஆகையால் தோழர்களே, தாய்மார்களே! உங்கள் பிள்ளை கடல்மேடை வேலைக்குப் புறப்படும்போது ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். அங்கே குழாயை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள், தப்புகிற படகு எங்கே இருக்கிறது, ஆபத்தென்று கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த மூன்று கேள்விகளே அவனுக்கு நல்ல நேரம் பார்த்ததாகும்.