பட்டணத்திலும் ஓய்வுக்கு ஓரிடம்



உழைப்பதற்கு ஓரிடம் வேண்டும் என்று கேட்கிறோம். உறங்குவதற்கு ஒரு வீடு வேண்டும் என்று கேட்கிறோம். மனம் ஆறி உட்காருவதற்கும் ஓரிடம் வேண்டும் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. சும்மா இருப்பது சோம்பேறித்தனம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போய்விட்டது. அந்த எண்ணம் சரிதானா? தோட்டப் பள்ளிகளில் பாடம் நடத்தும் நாங்கள், இரண்டு பாடங்களுக்குப் பிறகு இடைவேளை மணி அடிக்கிறோம். அந்த மணி அடிக்காவிட்டால் அடுத்த பாடம் பிள்ளைகள் மனத்தில் ஏறாது. பிள்ளைகளுக்குப் பொருந்துகின்ற இந்த உண்மை பெற்றோருக்குப் பொருந்தாதா?

தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில் வேலை கடுமையாக இருந்தது. கூலி குறைவாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியபின் உட்கார லயத்து வாசல் இருந்தது, கோயில் மரத்தடி இருந்தது, திடல் இருந்தது. பிறகு தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறின. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது, வாசல் போய்விட்டது. இன்று கெப்பாலா பத்தாஸிலிருந்து பிறைக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குக் காலையில் வாகன இரைச்சல், பகலில் இயந்திர இரைச்சல், இரவில் தொலைக்காட்சி இரைச்சல். காதுக்கு ஓய்வு எப்போது?

இது வெறும் சலிப்பைப் பற்றிய பேச்சன்று. சாலை இரைச்சலின் சராசரி அளவு 53 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் பரிந்துரைத்தது. அதற்கு மேற்பட்ட இரைச்சலை ஆண்டுக்கணக்கில் கேட்டு வாழ்ந்தால் உறக்கம் கெடுவதோடு, இருதயத்துக்கும் கேடு நேரிடலாம். மறுபுறம், பசுமை தரும் நன்மையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் காண முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அந்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டி 2019இல் வெளியிடப்பட்ட விவரங்கள், வாரத்தில் இரண்டு மணி நேரமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூறுவது அதிகம் என்று காட்டின. அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் செலவிட வேண்டும் என்பதில்லை. பிரித்துக்கொண்டாலும் பயன் உண்டு.

சரி, பினாங்கில் எங்கே போவது?

முதலில் தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரவியல் பூங்கா. கருங்கல் உடைத்த பழைய கல்லுடைப்பு நிலத்தில், 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் இதை உருவாக்கினார். மூன்று பக்கமும் மலைக்காடு, நடுவே ஓடை. நம் நாட்டுக் கோயில்களில் காணும் நாகலிங்க மரமும் அங்கே உண்டு. அருகிலிருக்கும் முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று போகிறோம். அன்று கால் வைக்க இடமிராது. சாதாரண நாளொன்றின் காலையில் அதே மலைப்படிகளில் ஏறிப் பாருங்கள். பறவைகளின் குரல் கேட்கும்.

அடுத்தது கொடிமலை. 1923இல் கட்டி முடிக்கப்பட்ட மலை இரயில் பாதை, 2011 முதல் புதிய வண்டிகளுடன் இயங்குகிறது. மேலே காற்று குளிர்ச்சியானது. அந்த மலையையும் சுற்றுப்புறங்களையும் 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. விடுமுறை நாளில் அங்கும் கூட்டம்தான்; வார நாளில் போவது நல்லது.

பட்டணத்துக்குள்ளேயே வேண்டுமானால், சுல்தான் அகமது ஷா சாலையிலுள்ள பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட்டின் கல்லறை அங்கேதான். மலாய்க்காரர்கள் கெம்போஜா என்று சொல்லும் மரங்கள் நிழல் தருகின்றன. இறந்தோருக்குரிய மரியாதையுடன் நடந்துகொண்டால், அரை மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டு வரலாம்.

கடலைக் கடந்து வரும் பயணமும் ஓய்வுதான். 2023 ஆகஸ்ட் முதல் ஓடும் புதிய பெர்ரிகளில் கார்கள் ஏறுவதில்லை; பயணிகளும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களுமே செல்லலாம். கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தால், பட்டர்வொர்த் வந்து சேர்வதற்குள் பாதிக் களைப்புத் தீர்ந்துவிடும். கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்திலேயே வயல்வெளிகள் இருக்கின்றன. வரப்பில் ஒரு மாலை நடைக்குக் காசு வேண்டுமா?

இங்கே ஒரு சொல். ஓய்வுக்குப் போகிறோம் என்று வீட்டுத் தாய்மாரை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, புளிச்சோறும் கோழிப் பிரட்டலும் கட்டச் சொன்னால், அந்த ஓய்வு யாருக்கு? போகிற வழியில் ரொட்டி சானாய் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவும் அன்று மரத்தடியில் காலை நீட்டி உட்காரட்டும். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். போட்டால் அவை மனிதர் கையைப் பார்த்துப் பழகி, பிறகு பிள்ளைகளிடம் பிடுங்கும். பாட்டுப் பெட்டியை உரக்க வைக்காதீர்கள். நாம் தேடிச் சென்ற அமைதியை நாமே கெடுக்கலாமா?

இறுதியாக, தாவரவியல் பூங்காவின் வரலாற்றில் ஒரு செய்தி. 1910இல் அந்தப் பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்கிவிட எண்ணி, பூங்காவை நகராண்மையிடம் ஒப்படைத்தார்கள். திட்டம் நிறைவேறவில்லை, 1912இல் பூங்கா மீண்டது. நிறைவேறியிருந்தால் அந்த மரங்களையும் நடைபாதைகளையும் இன்று நாம் கண்டிருக்க மாட்டோம். அமைதியான இடம் என்பது தானாக நிலைத்து நிற்பதன்று. உங்கள் குடியிருப்பில் விளையாட்டுத் திடலோ, நான்கு மரங்களோ இருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆள் வராத திடல் நாளைக்கு வண்டி நிறுத்துமிடமாகிவிடும். திடல் புதர் மண்டிக் கிடந்தால், குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டு மாநகர் மன்றத்துக்கு எழுதுங்கள். சம்பளத்துக்கும் வீட்டுக்கும் கேட்டுப் பழகிய நாம், நிழலுக்கும் கேட்கலாம்.

இந்த வாரத்தில் இரண்டு மணி நேரத்தை இன்றே குறித்து வையுங்கள்.