இருவர் உழைப்பு, ஒருவர் பெயரா?

(சங்கத்தின் மாதாந்தரக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு கைகளும்தான். தாராவியில் பெண் நள்ளிரவில் எழுந்து இட்லி அவித்தாள். ஆண் அதைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றான். அந்தக் காசில் வாங்கிய வீடு யார் பெயரில் இருக்கிறது? ஊரில் வாங்கிய நிலம் யார் பெயரில் இருக்கிறது? பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஆண் பெயர் மட்டுமே இருக்கும்.

தாலி கட்டிவிட்டால் சொத்தில் பாதி தானாக மனைவிக்கு வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. இந்த நாட்டுச் சட்டம் பத்திரத்தில் உள்ள பெயரைத்தான் பார்க்கிறது. மணமுறிவு ஏற்பட்டால் மனைவி ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் ஜீவனாம்சம் வேறு, பங்கு வேறு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது, வீட்டையே தருவதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவன் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்குப் பங்கு உண்டு. விதவைக்கு உள்ள பங்கு, கணவனோடு வாழ்கின்ற மனைவிக்கு இல்லை! என்ன நியாயம் இது?

வேறு வழியே இல்லையா? நமக்குப் பக்கத்திலேயே கோவா இருக்கிறது. போர்த்துகீசியர் காலத்து 1867-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் அங்கே இன்றும் நடப்பில் உள்ளது. திருமணத்துக்கு முன் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது; ஆளுக்குப் பாதி. ஒருவர் சம்மதமின்றி மற்றவர் வீட்டை விற்க முடியாது.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பை நாம் மறக்கக் கூடாது. கணவர் சவூதியில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கியது முழுவதும் தனக்கே என்றார் கணவர். வீட்டு வேலையும் உழைப்புத்தான், அந்த உழைப்பு இல்லாமல் அவர் சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது நீதிமன்றம். நம் குடும்பங்களின் கதையல்லவா இது? ஆனால் இது ஒரு தீர்ப்பு. நாடாளுமன்றச் சட்டம் அன்று. ஒவ்வொரு பெண்ணும் உயர்நீதிமன்றம் வரை ஏறி இறங்க முடியுமா?

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்தது. மகளுக்கு வந்தது, மனைவிக்கு வரவில்லை. அந்தச் சட்டத்தை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? குடிசைக்கு ஈடாக எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் தரும் வீட்டின் ஒப்பந்தம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்பது விதி. கையெழுத்துப் போடுமுன் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் நிலம் வாங்கினால் இருவர் பெயரிலும் பதியுங்கள். சீதனமாக வந்த நகை பெண்ணுக்கே சொந்தம் என்று உச்சநீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. வீடு வாங்க அந்த நகையை அடகு வைத்தால் அடகுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை அதுவே சாட்சி.

தோழர்களே, கூலி உயர்வுக்காக முதலாளியிடம் நியாயம் கேட்கிறோம். அதே நியாயத்தை நம் வீட்டுப் பத்திரத்திலும் எழுதுவோம்.